தாந்தே இதாக்காவுக்கு வந்த வழி

நியூயார்க் மாநில சட்டமன்றம் 1865இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்த சாசனத்தில் ஒரு வரி உண்டு. பல்கலைக்கழகத்தின் சொத்து மொத்தமாக 30 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. எழுதிய அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இதாக்கா என்ற சிற்றூரில், ஏரியைப் பார்த்த மேட்டுநிலப் பண்ணை ஒன்றில், இன்னும் கட்டடமே எழும்பாத கல்லூரிக்கு 30 லட்சம் என்பது எட்டாத தொகை. அந்த வரிதான் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு நூலகரை நாட்டைவிட்டே அனுப்பியது. அந்த நூலகர் போய் உட்கார்ந்த இடம் புளோரன்ஸ். இத்தாலியக் கவிகளான தாந்தே, பெட்ரார்க் இருவரைப் பற்றி கார்னெல் நூலகத்தில் இன்று இருக்கும் சேகரிப்புகள் அங்கிருந்து வந்தவை.

சாசனத்தில் அடங்காத அளவுக்குப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தந்திக் கம்பியில் பணக்காரரான எஸ்ரா கார்னெல்தான் கல்லூரிக்கு முதல் போட்டவர். 1862இல் அமெரிக்க அரசு கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலப் பத்திரங்கள் கொடுத்தது. மற்ற மாநிலங்கள் கிடைத்த விலைக்கு அவற்றை விற்றுத் தள்ளின. கார்னெல் அவசரப்படவில்லை. பத்திரங்களைத் தானே வாங்கி, விஸ்கான்சின் மாநிலத்தில் பைன் மரக்காடுகளாகப் பார்த்து ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கர் பிடித்தார். விலை ஏறியபின் விற்று வரும் லாபம் முழுதும் பல்கலைக்கழகத்துக்கு என்று ஏற்பாடு. அவர் காலத்தில் அந்தக் காடு சோறு போடவில்லை, வரி கட்டியே மாளவில்லை. 1874இல் இறந்துபோனார். 1880களில் மர விலை ஏறியபோதுதான் அந்தக் காடுகள் பொன்னாகின. ஆக, பல்கலைக்கழகம் தன் வரம்பைத் தாண்டிவிட்டதா இல்லையா என்ற கேள்வியே அந்த மரங்கள் யாருடையவை என்பதில் போய் நின்றது.

இனி அந்த நூலகர். வில்லார்ட் ஃபிஸ்க் 1831இல் நியூயார்க் மாநிலத்தின் எல்லிஸ்பர்க்கில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை முடிக்காமலேயே கப்பலேறி கோபன்ஹேகனுக்கும் பிறகு ஸ்வீடனின் உப்சாலாவுக்கும் போனார். அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வயிற்றைப் பார்த்துக்கொண்டு வடநாட்டு மொழிகளைக் கற்றார். திரும்பி வந்து நியூயார்க்கின் ஆஸ்டர் நூலகத்தில் வேலை. சதுரங்கத்தில் பைத்தியம். 1857இல் நியூயார்க்கில் நடந்த முதல் அமெரிக்கச் சதுரங்க மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். அதில் வென்ற பால் மார்ஃபியுடன் சேர்ந்து ஒரு சதுரங்க மாத இதழும் நடத்தினார். வியன்னாவில் அமெரிக்கத் தூதரகத்தில் கொஞ்ச காலம். ஐஸ்லாந்து மொழியை அந்நாட்டுக்காரர்களே வியக்கும்படி பேசுவாராம். ஒன்றைத் தொட்டால் அதன் அடிவரை போவது, அடிவரை போனதும் அடுத்ததைத் தொடுவது என்பதே அவர் சுபாவம். இப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொள்வது கஷ்டம், நூலகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கார்னெலின் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் வைட், ஃபிஸ்கின் சிறுவயது நண்பர். 1868 அக்டோபர் 7 அன்று பல்கலைக்கழகம் திறந்தபோது ஃபிஸ்கை நூலகராகவும் வட ஐரோப்பிய மொழிகளின் பேராசிரியராகவும் நியமித்தார். அக்காலத்து அமெரிக்கக் கல்லூரி நூலகங்கள் வாரத்தில் சில மணிநேரம் திறந்து, புத்தகத்தை மாணவர் கண்ணில் காட்டாமல் பூட்டி வைப்பவை. ஃபிஸ்க் நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரம் திறந்துவைத்தார். ஒரு துறையை ஆயுள் முழுக்கச் சேகரித்தவரின் நூலகத்தை அவர் இறந்ததும் அப்படியே மொத்தமாக வாங்குவது வைட்டுக்கும் அவருக்கும் பிடித்த வழி. ஒப்பியல் இலக்கணத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஜெர்மானியர் ஃபிரான்ஸ் பாப்பின் சொந்த நூலகம் இப்படித்தான் 1868இல் இதாக்காவுக்கு வந்தது. சமஸ்கிருத நூல்களைப் பார்த்து ஐரோப்பிய மொழிகளின் உறவைக் கணித்த மனிதரின் புத்தகங்கள் அவை. தனி ஒருவரின் பித்து எப்படி ஒரு நிறுவனத்தின் முதலாகிறது என்பதை ஃபிஸ்க் அங்கேயே கற்றிருக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் திறந்த அதே நாளில் அங்கே ஒன்பது மணிகள் ஒலித்தன. ஊரின் மர வியாபாரி ஜான் மெக்ராவின் ஒரே மகள் ஜென்னி கொடுத்த அன்பளிப்பு. 1877இல் தந்தை இறந்தார். மகள் கோடீஸ்வரி ஆனார். உடம்பில் காசநோய். ஐரோப்பாவெங்கும் சுற்றிப் படங்களும் சாமான்களும் வாங்கினார். இதாக்காவில் கட்டிக்கொண்டிருந்த மாளிகைக்காக வாங்கியவை அவை. 1880 ஜூலை 14 அன்று பெர்லினில் அவருக்கும் ஃபிஸ்குக்கும் திருமணம். மணமகனுக்கு 48, மணமகளுக்கு 39. அப்போது பெர்லினில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் வைட்தான். குளிர்காலத்தை நைல் நதியில் படகில் கழித்தார்கள். எகிப்தின் வெயிலும் நோயைத் தணிக்கவில்லை. 1881 செப்டம்பரில் ஊர் திரும்பினார்கள். மாதம் முடியும்போது ஜென்னி இறந்துவிட்டார். அந்த மாளிகையில் ஒரு நாள்கூட அவர் குடியிருக்கவில்லை.

உயிலில் கணவருக்கு 3 லட்சம் டாலர், உறவினருக்குக் கணிசமான பங்கு, பல்கலைக்கழக நூலகத்துக்கு 2 லட்சம், வேறு சில காரியங்களுக்குத் தனித்தனித் தொகை, மீதமுள்ளதெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு. படித்தவுடன் நிர்வாகக் குழுவின் வழக்கறிஞர்களுக்கு அந்தப் பழைய வரி ஞாபகம் வந்தது. 1882இல் சட்டமன்றத்தில் ஓசைப்படாமல் ஒரு திருத்தம் கொண்டுவந்து 30 லட்சம் வரம்பை எடுத்துவிட்டார்கள். ஜென்னி இறந்தது 1881இல், திருத்தம் வந்தது அதற்கடுத்த ஆண்டில். சட்டத்தில் இந்த இடைவெளி போதும்.

ஃபிஸ்குக்கு இதை யாரும் சொல்லவில்லை. தானாகத் தெரிந்துகொண்டார். 1883இல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு உயிலை எதிர்த்து வழக்குப் போட்டார். ஜென்னியின் உறவினர்களும் சேர்ந்துகொண்டார்கள். பணத்துக்காகப் போட்டாரா, தன்னிடம் மறைத்தார்கள் என்ற மனத்தாங்கலில் போட்டாரா என்று கார்னெல் வரலாறு எழுதியவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டும் கலந்திருக்கலாம். மனைவியின் கடைசி விருப்பத்தை எதிர்த்துக் கணவர் கோர்ட்டுக்குப் போவதை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. உள்ளூர் நீதிமன்றத்தில் பல்கலைக்கழகம் ஜெயித்தது. மேல்முறையீட்டில் தோற்றது. 1888இல் மாநிலத்தின் உச்ச மன்றம் தோல்வியை உறுதி செய்தது. 1890 மே மாதம் வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. விஸ்கான்சின் காடுகளால் வரும் பணம் பல்கலைக்கழகத்தின் சொத்துதான், அதைச் சேர்த்தால் வரம்பு ஜென்னி இறக்கும் முன்பே நிரம்பிவிட்டது, எனவே அவருடைய கொடையை வாங்கும் தகுதி பல்கலைக்கழகத்துக்கு அன்று இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

மெக்ராவின் பழைய வியாபாரக் கூட்டாளியும் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் தலைவருமான ஹென்றி சேஜ் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. ஜென்னி கட்ட நினைத்த நூலகத்தைத் தன் பணத்தில் கட்டினார். 1891 அக்டோபரில் திறந்தது. உள்ளே ஒரு பலகை வைத்தார். மாபெரும் நூலகம் அமைக்க ஜென்னி கொண்ட நோக்கம் முறியடிக்கப்பட்டதால் அவருடைய நண்பர் இதைக் கட்டிக்கொடுக்கிறார் என்பது அதன் பொருள். 'முறியடித்தவர்' யார் என்று எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

முறியடித்தவர் அப்போது இத்தாலியில் இருந்தார். வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே ஃபிஸ்க் புளோரன்ஸில் தங்கிப் புத்தகம் வாங்கத் தொடங்கியிருந்தார். முதலில் பிடித்தது பெட்ரார்க்கை. பெட்ரார்க் 14ஆம் நூற்றாண்டுக் கவி. லாராவைப் பாடிய இத்தாலியக் கவிதைகளால் நமக்குத் தெரிந்தவர், தம் காலத்தில் லத்தீன் நூல்களுக்காகப் பெயர்பெற்றவர். நல்லூழ் தீயூழ் இரண்டுக்கும் மருந்து சொல்லும் அவருடைய லத்தீன் உரைநடை நூல் ஒன்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டு அலைந்தது. அது எங்கெங்கே, எந்தெந்த ஆண்டில், யாரால் அச்சானது என்று ஒரு சிறு நூலையே ஃபிஸ்க் 1888இல் புளோரன்ஸில் வெளியிட்டார். உயில் வழக்கு நியூயார்க்கின் உச்ச மன்றத்தில் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. நல்லூழையும் தீயூழையும் பற்றிய புத்தகத்தை அந்த ஆண்டில் பட்டியல் போட்டதை ஃபிஸ்க் ரசித்தாரோ என்னவோ, நான் ரசிக்கிறேன்.

1892இல் பியஸோலே மலைச்சரிவில், சான் தொமேனிக்கோவில் ஒரு வில்லாவை வாங்கினார். ஆங்கிலக் கவிஞர் வால்டர் சாவேஜ் லேண்டர் ஒருகாலத்தில் வாழ்ந்த வீடு. 1833இல் எமர்சன் வந்து லேண்டரைப் பார்த்ததும் அங்கேதான். பொக்காச்சியோவின் 'டெக்கமரோன்' கதை சொல்லிகள் குளித்து விளையாடும் பெண்கள் பள்ளத்தாக்கு அந்த வில்லாவின் நிலத்தில் வருவதாக லேண்டருக்குப் பெருமை. கீழே புளோரன்ஸ் நகரில் அப்போது பழைய சந்தையை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றை நாடான இத்தாலிக்கு ஏற்ற அகலமான சதுக்கம் வேண்டும் என்று இடைக்காலத் தெருக்களை ஒட்டுமொத்தமாக அகற்றிய வேலை அது. வீடுகள் இடிந்தால் பரண்கள் காலியாகும். மடங்களும் பிரபு குடும்பங்களும் கையிலிருந்ததை விற்றுக்கொண்டிருந்த காலம். பழைய புத்தகக் கடைக்காரர்களுக்கு வேட்டை. டாலரோடு வந்த வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அதைவிடப் பெரிய வேட்டை.

வழக்கு முடிந்த மறுவருடமே ஃபிஸ்கிடமிருந்து கார்னெலுக்கு முதல் பெரிய பார்சல் போனது இங்கே கவனிக்க வேண்டியது. இத்தாலியப் புத்தகங்கள் அல்ல அவை. 1891 கோடையில் சுவிட்சர்லாந்தின் எங்கதீன் பள்ளத்தாக்கில் நீரூற்றுச் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். அந்த மலைகளில் பேசப்படும் ரெட்டோ-ரோமன்ஸ் மொழிகள் காதில் விழுந்தன. இத்தாலியனுக்கு உறவு, ஆனால் இத்தாலியன் அல்ல. பேசுபவர் சில பத்தாயிரம் பேர். சில வாரங்களுக்குள் அந்த மொழிகளில் அச்சான நூல்கள் ஆயிரத்துக்கு மேல் சேர்த்துவிட்டார். பிரார்த்தனைப் புத்தகம், பள்ளிப் பாடம், பஞ்சாங்கம், சட்ட அறிவிப்பு, கைக்குக் கிடைத்த எல்லாம். அத்தனையையும் அப்படியே இதாக்காவுக்கு அனுப்பினார். கோர்ட்டில் எதிர்த்த பல்கலைக்கழகத்துக்குத்தான். பல்கலைக்கழகமும் வாங்கி வைத்துக்கொண்டது.

தாந்தே சேகரிப்பு ஏறக்குறைய தற்செயலாகப் பிறந்தது. 1893இல், பெட்ரார்க்கைத் தேடிக்கொண்டிருந்தவர் கண்ணில் 16ஆம் நூற்றாண்டு தாந்தே பதிப்பொன்று மலிவாகப் பட்டது. கார்னெலில் இருக்காது, அனுப்பி வைக்கலாம் என்று வாங்கினார். பிறகு அதற்குத் துணையாக இன்னும் சில. சுபாவம் விட்டுவைக்குமா? மூன்று நான்கு ஆண்டுகளில் சுமார் 7,000 தொகுதிகள் ஆகிவிட்டன. எண்ணிக்கையைவிட வேகம்தான் ஆச்சரியம். ஐரோப்பாவின் பழைய புத்தகக் கடைகளின் விலைப்பட்டியல்களை வரவழைத்தார், வேண்டியவற்றின் பட்டியலை அவர்களுக்கு அனுப்பினார், வந்த பெட்டிகளைப் பிரித்து மறுபடி கட்டி ஏற்றுமதி செய்தார். வில்லா ஒரு ஏற்றுமதிக் கிடங்காகவே மாறியிருக்கும்.

அவர் இறங்கிய நேரமும் நல்ல நேரம். தாந்தேயின் அச்சு வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். 'டிவைன் காமெடி' என்று நாம் அறிந்த காவியம் 1472 ஏப்ரலில் ஃபொலிஞ்ஞோ என்ற சிற்றூரில் முதன்முதலாக அச்சேறியது. அச்சிட்டவர் ஒரு ஜெர்மானியர். 1481இல் புளோரன்ஸ் தன் சொந்தக் கவியை அறிஞர் லாந்தினோவின் உரையோடு ஆடம்பரமாக வெளியிட்டது. ஒவ்வொரு காண்டத்துக்கும் ஒரு செப்புத்தகட்டுப் படம் என்பது திட்டம். ஓவியர் பொத்திச்செல்லியின் வரைவுகளை ஒட்டிய படங்கள். காண்டங்கள் நூறு, செதுக்கப்பட்ட தகடுகள் 19தான். எழுத்தை முதலில் அச்சிட்டுப் படத்துக்கு இடம் விட்டார்கள். பெரும்பாலான பிரதிகளில் முதல் இரண்டு மூன்று படங்களுக்குப் பிறகு அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது. சில பிரதிகளில் படத்தைத் தனியே அச்சிட்டு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். 1502இல் வெனிஸின் அச்சாளர் ஆல்டஸ் உரை எதுவும் இல்லாமல் மூலத்தை மட்டும் கையடக்கமாகப் போட்டார். நடந்துகொண்டே படிக்க ஒரு தாந்தே. 'தெய்விக' என்ற அடைமொழி தலைப்பில் ஏறியது அதற்கும் பின்னர், 1555இல் வெனிஸில்தான். தாந்தே அதற்கு வைத்த பெயர் வெறும் 'கொம்மேதியா'.

பிறகு ஒரு சரிவு. 17ஆம் நூற்றாண்டு முழுவதிலும் மூன்றே மூன்று பதிப்புகள். அலங்கார நடையில் மயங்கிய அந்தக் காலத்துக்குத் தாந்தே கரடுமுரடாகப் பட்டார். 18ஆம் நூற்றாண்டில் மெல்ல எழுந்தார், 19இல் வெள்ளமாகப் பாய்ந்தார். துண்டு துண்டாகக் கிடந்த இத்தாலி ஒன்றாக விரும்பியபோது, எல்லாருக்கும் பொதுவான ஒரு தந்தை வேண்டியிருந்தது. 1861இல் நாடு பிறந்தது. 1865இல் தாந்தேயின் 600ஆவது பிறந்த ஆண்டு. அந்த ஆண்டுதான் புளோரன்ஸ் தலைநகரமும் ஆனது. சாந்தா குரோச்சே சதுக்கத்தில் சிலை எழுப்பினார்கள். ஊருக்கு ஊர் சொற்பொழிவு, ஊருக்கு ஊர் மலர். 1878இல் பாதுவாவில் சால்மின் அச்சகம் ஈக்கண் என்று பெயர்பெற்ற மிகப் பொடி எழுத்தில், விரல் நீளமே உள்ள முழு காவியத்தை அச்சிட்டது. எழுத்துக் கோத்தவர்களின் கண் கெட்டது என்று கதை. 1888இல் தாந்தே சங்கம். 1893இல், ஃபிஸ்க் தொடங்கிய அதே ஆண்டில், தாந்தேக்கென்றே ஓர் ஆய்விதழ். ஆக அவர் அள்ளியது நானூறு ஆண்டுப் புதையலை மட்டுமல்ல, அதற்கு முந்தைய முப்பதாண்டுகளில் குவிந்து, படிக்க ஆளின்றிக் கடைமூலையில் கிடந்த காகிதக் குப்பையையும்தான். எல்லாவற்றையும் அள்ளினார் என்பதில்தான் அவர் தனித்தன்மை. அரிய பதிப்பை மட்டும் பொறுக்குகிற சீமான் சேகரிப்பாளர்கள் எங்கும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கான மலிவுத் தாந்தேயை யாரும் கப்பலேற்ற மாட்டார்கள்.

மனசாட்சி உறுத்தித்தான் இவ்வளவும் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். மனைவியின் நூலகத்தைத் தடுத்தவர், அதே நூலகத்தைப் புத்தகத்தால் நிரப்பிப் பிராயச்சித்தம் செய்தார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. தேதிகளை வரிசையாக வைத்தால் அவ்வளவு நேராகப் பொருந்தவில்லை. பெட்ரார்க்கை அவர் யாருக்காகவும் சேர்க்கவில்லை. தனக்காகச் சேர்த்தார், சாகும்வரை வில்லாவிலேயே வைத்திருந்தார். தாந்தேயையோ முதல் புத்தகத்திலிருந்தே கார்னெலுக்காகச் சேர்த்தார், வாங்கியதும் அனுப்பினார். பிராயச்சித்தம் செய்கிறவர் பிரியமானதைக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்வார் என்பார்கள். இவர் தலைகீழ். எனக்குத் தோன்றுவது வேறு. 1883இல் அவர் விட்டது பேராசிரியர் வேலையையும் இதாக்கா வாசத்தையும்தான். நூலகர் வேலையை அவரால் விட முடியவில்லை. எங்கே இருந்தாலும் அந்த அலமாரிகளில் எது இல்லை என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கு பல்கலைக்கழக நிர்வாகத்தோடு, அலமாரியோடு அவருக்கு என்ன பகை?

எப்படியானாலும், இத்தாலியப் பாடம் பெரிதாக ஊன்றியிராத ஒரு பல்கலைக்கழகத்துக்கு 7,000 தாந்தே நூல்கள் வந்து இறங்கின. ரோமான்ஸ் மொழிகளுக்குப் பேராசிரியராக இருந்தவர் டி. எஃப். கிரேன். இத்தாலிய நாட்டுப்புறக் கதைகளை 1885இல் தொகுத்து வெளியிட்டவர், ஆகவே வந்ததன் மதிப்பு தெரிந்தவர். அமெரிக்காவில் இத்தாலிய நூல்களுக்குப் பழைய மையங்கள் வேறு இருந்தன. நியூயார்க்கில் கொலம்பியா கல்லூரிக்கு 1825இல் முதல் இத்தாலியப் பேராசிரியராக வந்தவர் லொரென்ஸோ தா பொந்தே. மொஸார்ட்டின் 'டான் ஜியோவானி'க்குப் பாடல் எழுதியவர், அமெரிக்காவில் மளிகைக்கடை வைத்து நொடித்தவர். சம்பளமில்லாத பதவி அது, மாணவர் கொடுத்தால் உண்டு. இத்தாலியப் புத்தகங்களை வரவழைத்துக் கல்லூரிக்கு விற்றும் பார்த்தார். ஹார்வர்டில் கவி லாங்ஃபெல்லோ 1867இல் காவியம் முழுவதையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார், 1881இல் அங்கே தாந்தே சங்கம் பிறந்தது. நியாயப்படி பெரிய தாந்தே சேகரிப்பு பாஸ்டன் பக்கம் போயிருக்க வேண்டும். போனதோ ஏரிக்கரையிலிருந்த சிற்றூருக்கு. ஊருக்குப் பெயர் யுலிஸஸின் தீவைப் பார்த்து வைத்தது. தாந்தேயின் காவியத்தில் யுலிஸஸ் இதாக்காவுக்குத் திரும்புவதே இல்லை என்பதைக் கிரேன் வகுப்பில் சொல்லிச் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெட்டிகளில் வந்தது சேகரிப்பாகாது. பட்டியல் வேண்டும். ஹார்வர்டில் படித்த தியோடர் வெஸ்லி கோக் என்ற இளைஞரை அதற்காக அழைத்தார்கள். அமெரிக்காவில் தாந்தே படிக்கப்பட்ட வரலாற்றைத் தேடி எழுதி 1896இல் வெளியிட்டவர் அவர். கோக்கின் பட்டியல் 1898 முதல் 1900 வரை இரண்டு பாகங்களாக வந்தது. முதல் பாகம் தாந்தே எழுதியவை, இரண்டாம் பாகம் தாந்தேயைப் பற்றி மற்றவர் எழுதியவை. இரண்டாவதுதான் பெரிது என்று சொல்லத் தேவையில்லை. பதிப்புகள், மொழிபெயர்ப்புகள், இதழ்களில் வந்த கட்டுரைகள், மதிப்புரைகள் என்று ஒன்றுவிடாமல் பதிந்தார். எது எதற்கு மறுப்பு, எது எதன் மறுபதிப்பு என்ற குறிப்புகளோடு. இதாக்காவின் புத்தகப் பட்டியலாகத் தொடங்கியது தாந்தே ஆய்வுக்கே ஒரு வழிகாட்டி நூலாகிவிட்டது. அந்தப் புத்தகங்களை ஒருநாளும் பார்க்காத அறிஞர்கள்கூட அந்தப் பட்டியலை மேசையில் வைத்து வேலை செய்தார்கள். கோக் பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் நார்த்வெஸ்டர்னிலும் நூலகரானார்.

ஃபிஸ்க் 1904 செப்டம்பர் 17 அன்று பயணத்தின் நடுவே ஃபிராங்க்ஃபர்ட்டில் இறந்தார். பெட்ரார்க் பிறந்து சரியாக 600 ஆண்டு நிறைந்த வருடம். உயிலைத் திறந்தபோது சொத்தில் பெரும்பகுதி கார்னெலுக்கு என்று இருந்தது. பெட்ரார்க் சேகரிப்பும் அவர் சேர்த்திருந்த ஐஸ்லாந்து நூல்களும் அதோடு சேர்ந்து வந்தன. சதுரங்க நூல்கள் ரெய்க்யவிக்கில் ஐஸ்லாந்தின் தேசிய நூலகத்துக்கு. ஐஸ்லாந்தின் வடகோடியில் கிரிம்ஸே என்ற சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. மீனவர்களான தீவினர் சதுரங்கப் பிரியர்கள் என்று கேள்விப்பட்டே அவர்களுக்குப் பலகைகள் அனுப்பி வந்தார் ஃபிஸ்க். அவர்களுக்கும் ஒரு தொகை எழுதி வைத்திருந்தார். அவருடைய பிறந்தநாளான நவம்பர் 11ஐ அங்கே இன்றும் கொண்டாடுகிறார்கள். கார்னெலில் அப்படிக் கொண்டாடுவதாகத் தெரியவில்லை. ஆனால் வளாகத்துச் சிற்றாலயத்தில் ஜென்னியின் பக்கத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். ஜென்னி குடியேறாத அந்த மாளிகை மாணவர் விடுதியாகி, 1906 டிசம்பரில் தீப்பிடித்து ஏழு உயிர்களைப் பலிகொண்டு அழிந்தது. புத்தகங்கள் அங்கே இல்லை, நல்லவேளை.

பெட்ரார்க் பட்டியலை மேரி ஃபவுலர் என்ற நூலகர் தயாரித்து 1916இல் ஆக்ஸ்ஃபர்ட் அச்சகம் வழியாக வெளியிட்டார். 1898க்குப் பிறகு வந்து சேர்ந்த தாந்தே நூல்களுக்கு 1921இல் ஒரு துணைப்பட்டியலும் போட்டார். அந்த ஆண்டு தாந்தே இறந்து 600 ஆண்டு. தாந்தேயின் 700ஆவது நினைவாண்டில், 2021இல், பல்கலைக்கழகத்தின் ஜான்சன் கலைக்கூடத்தில் இந்தச் சேகரிப்பிலிருந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள்.

கண்காட்சிக் கண்ணாடிக்குள் படங்கள் உள்ள புத்தகங்கள்தான் இருக்கும். ஆராய்ச்சியாளர் நிலத்தடியில் இருக்கும் அரிய நூல் பிரிவுக்கு வந்து கேட்பது வேறு ஒன்றாகவும் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஒரு வழக்கம் இருந்தது. நண்பர் வீட்டில் கல்யாணம் என்றால் அறிஞர்கள் பட்டுத்துணி கொடுக்க மாட்டார்கள். ஏதோ சுவடிக்கட்டில் கண்டெடுத்த கடிதத்தையோ, தாந்தேயின் ஒரு வரிக்குத் தாங்கள் கண்ட புது விளக்கத்தையோ எட்டு, பதினாறு பக்கத்தில் அச்சிட்டு, மணமக்கள் பெயரை முகப்பில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். நம் ஊரில் பந்தலில் வாசித்துக் கொடுக்கும் வாழ்த்துப்பா போல. ஐம்பது பிரதி, நூறு பிரதி. விற்பனைக்குக் கிடையாது. விருந்து முடிந்ததும் மேசை இழுப்பறையில் போய்ச் சேரும். சில ஆய்வுகள் அந்த ஒரே வடிவில்தான் வெளிவந்தன, வேறெங்கும் மறுபதிப்பாகவில்லை. 1481 பதிப்புப் பிரதிகள் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பல நூலகங்களில் இருக்கின்றன, அவற்றின் படங்கள் கணினியிலேயே கிடைக்கின்றன. கல்யாணத் தாள் அப்படியில்லை. கோக்கின் இரண்டாம் பாகத்தில் இவை வரிசையாக வருகின்றன. ஆசிரியர் பெயர், ஊர், அச்சகம், ஆண்டு, இன்னாருக்கும் இன்னாருக்கும் நடந்த திருமணத்துக்கு என்ற குறிப்பு. கேட்டால் அட்டைப்பெட்டியோடு எடுத்து வந்து மேசையில் வைப்பார்கள். படித்து முடித்து, பென்சிலால் குறிப்பெடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கலாம்.